முன்சக்கரப் பேரிங் மகாத்மியம்

மனிதகுல வரலாற்றில் இரண்டே இரண்டு மகத்தான நிகழ்ச்சிகள்தான் உண்டு. முதலாவது, பெயர் தெரியாத யாரோ ஓர் ஆசாமி சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இரண்டாவது, யார்க்‌ஷயரில் ஸ்கிப்டன் நகரவாசியான டெஸ்மண்ட் பிக்கர்ஸ்கில், 1959ஆம் வருடத்து லாங்டன் மெர்லின் ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரப் பேரிங்குகளை ‘மேம்படுத்துவது’ என்று தீர்மானித்தது. இடையில் நடந்த யுத்தங்கள், புரட்சிகள், நிலவுக்குப் போய்வந்தது முதலானவை சில்லறைச் சங்கதிகள். அவற்றை வரலாற்றாசிரியர்கள் கவனித்துக்கொள்வார்கள்.

முதல் நிகழ்ச்சியைவிட இரண்டாவது ஒருபடி உயர்ந்தது என்றுகூடச் சொல்லலாம். சக்கரத்தைக் கண்டுபிடித்தவருக்கு அதை உருட்டிக் காட்ட வேண்டிய நிர்ப்பந்தம் இருந்தது. டெஸ்மண்டுக்கு அப்படி எந்த நிர்ப்பந்தமும் இல்லை.

டெஸ்மண்ட் நகரசபையில் முப்பது வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே கசாப்புக் கடைக்காரர்கள் தராசிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுவார்கள். ஓய்வுபெற்ற பிறகு ஆய்வு செய்ய ஒன்றும் இல்லாமல் வீட்டில் உலாத்திக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஹேசல் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். சமையலறைச் சர்க்கரை டப்பாவை டெஸ்மண்ட் நிறுத்துப் பார்க்க ஆரம்பித்த அன்றைக்கு, “டெஸ், போய் அந்தக் காரையாவது பாரு” என்று கராஜுக்கு அனுப்பிவைத்தார்.

கார் ஹேசலுடையது. அவருடைய அத்தை விட்டுப்போனது. அத்தை பக்கத்து சீட்டில் நாயை உட்கார வைத்துக்கொண்டு வாராவாரம் அந்தக் காரில் ஆட்டுச் சந்தைக்குப் போய்வந்தவர். பேரிங் என்று ஒரு வஸ்து இருப்பதே தெரியாமல் வாழ்நாள் முழுக்க ஓட்டியவர். இப்படிப்பட்ட அறியாமையின் பிடியிலிருந்து காரை மீட்பது தம்முடைய கடமை என்று டெஸ்மண்ட் உணர்ந்தார். மீட்டும்விட்டார். அன்றிலிருந்து கார் எங்கும் போவதில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மழை இல்லாவிட்டால், ‘ஊமை மணி’ என்ற மதுக்கடை வரைக்கும் போய்வரும். யார்க்‌ஷயரில் மழை இல்லாத ஞாயிறுகள் எத்தனை என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஹேசலுக்கு ஒரே ஓர் ஆசை. அவருடைய அக்கா டாஃப்னி கிழக்குக் கரையில் ஃபைலியில் இருக்கிறார். கூரையைத் திறந்து விட்டுக்கொண்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, அந்தக் காரிலேயே அக்கா வீட்டுக்குப் போய் இறங்க வேண்டும். இதற்கான மனுவை ஒவ்வொரு வருடமும் காலைச் சிற்றுண்டியின்போது சமர்ப்பிப்பார்.

“பிரேக்கை மேம்படுத்தாம அவ்வளவு தூரம் எப்படிப் போறது, ஹேசல்?” என்றார் டெஸ்மண்ட் ஒரு வருடம்.

அடுத்த வருடம் ஹேசல், “பிரேக் மாத்தியாச்சே?” என்றார்.

“மாத்தியாச்சு. பிரேக் நல்லா ஆயிட்டதால இப்ப ஸ்பிரிங் பத்தலை.”

அதற்கடுத்த வருடம், “ஸ்பிரிங்?”

“ஸ்பிரிங் பிரமாதம். அதுதான் பிரச்சினையே. பாரம் பூரா இப்ப முன்சக்கரப் பேரிங் மேல வருது.”

“அப்ப நாம ஒண்ணையும் மாத்தாம இருந்திருந்தா போயிட்டு வந்திருக்கலாம், இல்லையா?”

“பாதுகாப்பு, ஹேசல், பாதுகாப்பு” என்று டெஸ்மண்ட் டோஸ்டில் மார்மலேடைத் தடவினார். ஒன்றை மேம்படுத்தினால் பக்கத்தில் இருப்பது தானாகவே தாழ்ந்துபோகும் என்பது மேம்பாட்டுத் துறையின் அடிப்படை விதி. அரசாங்கங்கள் எல்லாம் இந்த விதியை வைத்துத்தான் பிழைக்கின்றன.

பேரிங் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சக்கரம் சுற்றுகிறது, அச்சு சுற்றுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் சண்டை வராமல் பார்த்துக்கொள்வது பேரிங். மெர்லின் காரோடு வந்த பழைய பேரிங்கில் எஃகுக் குண்டுகள் இருக்கும். ‘மேம்பட்ட’ பேரிங்கில் ஒரு பக்கம் சூம்பிய உருளைகள் இருக்கும். மணிக்கு நூறு மைல் வேகத்தில் வளைவில் திரும்பினாலும் தாங்கும் என்பது அதன் விசேஷம். டெஸ்மண்ட் அந்தக் காரில் எட்டிய உச்ச வேகம், அவருக்கு முன்னால் போன டிராக்டரின் வேகம்.

பிரேக்கும் ஸ்பிரிங்கும் பட்டறையில் கொடுத்து மாற்றியவை. வடக்கு யார்க்‌ஷயர் லாங்டன் மெர்லின் உரிமையாளர் கழகத்தில் இதற்கு மரியாதை கிடையாது. “பட்டறையில கொடுத்து மாத்தினேன்” என்று ஒருவர் சொன்னால், கடையில் வாங்கிய கேக்கைத் தட்டில் வைத்து ‘நானே செய்தது’ என்று நீட்டும் மருமகளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். ஆகவே பேரிங்கைத் தம் சொந்தக் கரங்களால் மாற்றுவதென்று டெஸ்மண்ட் சபதம் செய்தார். புதிய பேரிங் ஜோடி, நீல அட்டைப்பெட்டியில், வாய்ப்பக்கம் காகித முத்திரை ஒட்டி வந்து சேர்ந்தது. பெட்டியை அவர் திறக்கவில்லை. கழகத்தில் யாருமே திறக்க மாட்டார்கள். முத்திரை பிரியாத பெட்டிக்குள் இருப்பது பேரிங். பிரித்துவிட்டால் அது வெறும் இரும்பு.

குளிர்காலம் முழுவதும் டெஸ்மண்ட் கராஜில் ‘பணியில்’ இருந்தார். சின்ன ஹீட்டர், வானொலி, தேநீர்க் குடுவை, மேசையில் துணி விரித்து அதன்மேல் நீலப் பெட்டி. காரை ஜாக்கி வைத்துத் தூக்குவார். சக்கரத்தைக் கழற்றுவார். நடுவில் இருக்கும் மூடியை எடுப்பார். உள்ளே பெரிய நட்டு தெரியும். அது கழன்றுவிடாமல் ஒரு கம்பி ஊசி குறுக்கே செருகியிருக்கும். குறட்டால் அந்த ஊசியைப் பிடிப்பார். பிறகு குறட்டைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொள்வார்.

உண்மையைச் சொல்வதென்றால் அவருக்குப் பயம். அந்த ஊசியைப் பிடுங்காதவரைக்கும் காரில் என்ன கோளாறு வந்தாலும் அது தொழிற்சாலையின் தப்பு, அத்தையின் தப்பு, ஏன், நாயின் தப்பாகக்கூட இருக்கலாம். பிடுங்கிவிட்டால் எல்லாம் பிக்கர்ஸ்கில்லின் தப்பு. வாழ்நாளெல்லாம் மற்றவர்களுடைய வேலையில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய மனிதர் அவர். தாமே ஒரு வேலையைச் செய்து, அதில் இன்னொருவர் குற்றம் கண்டுபிடிக்கும்படி நிற்பது அவருக்குப் பழக்கமில்லை. இது அவருக்கே நன்றாகத் தெரியும். தெரிந்ததால் கூடுதலாக இரண்டு பிஸ்கட் சாப்பிடுவார்.

மார்ச் மாதம் ஹாரோகேட்டில் பேரிங்குகளைப் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு நடந்தது. டெஸ்மண்ட் அங்கேயே தங்கி, அத்தனை அமர்வுகளிலும் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். பேரிங் மாற்றும் அளவுக்குத் தம் ஞானம் இன்னும் முதிரவில்லை என்ற தெளிவோடு திரும்பினார்.

ஏப்ரலில் அதிசயமாக ஒரு ஞாயிறு வெயில் அடித்தது. காரை எடுத்துக்கொண்டு ‘ஊமை மணி’க்குப் புறப்பட்டார். ஸ்டியரிங்கில் விரல்நுனிகளைப் பதித்து, நாடி பார்க்கும் வைத்தியர்போலக் கண்களைப் பாதி மூடிக் கவனித்தார். முன்சக்கரங்களிலிருந்து மெல்லிய முனகல் கேட்டது. பழைய குண்டுகள் கடைசி மூச்சு வாங்குகின்றன! பாவப்பட்டு வேகத்தைக் குறைத்தார். பின்னால் சைக்கிளில் வந்த பாதிரியார் மணியடித்து முந்திக்கொண்டு போனார்.

மதுக்கடை முற்றத்தில் கழகத் தலைவர் க்ளைவ் ஓல்ட்ராய்ட் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். எந்தக் காரைப் பார்த்தாலும், வாயைத் திறக்கச் சொல்லப்போகிறவர்போலக் குனிந்துதான் பார்ப்பார். பக்கத்தில் நெவில். அவர் தம் காரின் பேரிங்கை ஒரே வார இறுதியில் மாற்றிவிட்டதாக வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பவர்.

“என்ன டெஸ்மண்ட், பேரிங் இன்னும் பெட்டியிலதான் தூங்குதா?” என்றார் நெவில்.

“ஆச்சு” என்றார் டெஸ்மண்ட்.

அந்தச் சொல் அவர் வாயிலிருந்துதான் வந்தது. ஏன் வந்தது என்று அவருக்கே புரியவில்லை. திரும்ப உள்ளே இழுப்பதற்குள் க்ளைவ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

“சபாஷ்! மே மாதக் கூட்டத்துல நீதான் சிறப்புரை. ‘என் கரங்களால் ஒரு மேம்பாடு’. தலைப்பு எப்படி?”

தலைப்பு நன்றாகவே இருந்தது.

மே மாதக் கூட்டம் ‘ஊமை மணி’யின் மாடியில் கூடியது. நாற்பது உறுப்பினர்கள். வழக்கம்போல ஆண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள், மனைவிமார்கள் பின்பக்கத்து மேசையில் முட்டை சாண்ட்விச்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹேசலும் அங்கே இருந்தார். டெஸ்மண்ட் எழுந்து, தொண்டையைச் செருமி, குளிர்காலத்துக் கராஜின் தனிமை, ஊசியைப் பிடுங்கிய கணத்தின் சிலிர்ப்பு, புதிய உருளைகள் உள்ளே போய் உட்கார்ந்தபோது கேட்ட ‘க்ளக்’ என்ற ஓசை ஆகியவற்றை விவரித்தார். அந்த ‘க்ளக்’கை அவர் இரண்டு முறை செய்து காட்ட வேண்டியிருந்தது.

“ஓட்டும்போது வித்தியாசம் தெரியுதா?” என்று ஒருவர் கேட்டார்.

“சொன்னாப் புரியாது. முன்னாடியெல்லாம் ரோடு என்கிட்ட கத்தும். இப்ப ரோடு என்கிட்ட அனுமதி கேட்டுட்டுப் பேசுது.”

கூட்டம் பெருமூச்சு விட்டது.

நெவில் எழுந்தார். “நட்டை முறுக்கினப்புறம் ஆட்டம் எவ்வளவு விட்டே?”

அறையில் சாண்ட்விச் மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. கழகம் பல வருடங்களாகப் பிளவுபட்டிருப்பது இந்தக் கேள்வியில்தான். உருளை பேரிங்கை முழுக்க இறுக்கக் கூடாது, கொஞ்சம் ஆட்டம் விட வேண்டும். எவ்வளவு என்பதில் ‘இறுக்கவாதிகள்’ ஒரு பக்கம், ‘தளர்வுவாதிகள்’ மறுபக்கம். இரண்டு தரப்பும் கிறிஸ்துமஸ் விருந்தில் ஒரே மேசையில் உட்காருவதில்லை.

“ஒரு தலைமுடி கனம்” என்றார் டெஸ்மண்ட் சாதுரியமாக.

“யாரோட தலைமுடி?” என்றார் க்ளைவ். அவருக்கு முடி கிடையாது என்பதால் நடுநிலையாளர்.

“அதானே! என்னோடது கம்பி மாதிரி. டெஸ்மண்டோடது சிலந்தி நூல்” என்றார் நெவில்.

“பொண்ணுங்க முடின்னா?”

“சாயம் பூசினதா, பூசாததா?”

விவாதம் சூடுபிடித்தது. கடைசியில், ‘தரநிலைத் தலைமுடி’ ஒன்றை நிர்ணயிக்க ஐவர் துணைக்குழு அமைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. துணைக்குழுவுக்கு ஒரு வருட அவகாசம். அதற்குள் யாரும் ஆட்டம் பற்றிப் பேசக் கூடாது.

“சரி, அந்தப் பேரிங்கைக் கண்ணால பார்க்கலாமா?” என்று நெவில் விடாமல் கேட்டார்.

டெஸ்மண்ட் இதற்குத் தயாராக வந்திருந்தார். “கார்ல இருக்கறதை எப்படிக் காட்டறது? உதிரியா இன்னொரு ஜோடி வாங்கி வச்சேன்” என்று நீலப் பெட்டியை எடுத்து நீட்டினார். பெட்டி கைமாறிக் கைமாறி அறை முழுதும் ஊர்வலம் போனது. யாரும் முத்திரையைத் தொடவில்லை. கண்ணை மூடி, கையில் ஏந்தி, எடை பார்த்தார்கள்.

“எடையே சொல்லுது. நவீன உருக்கு!”

“உள்ளே எப்படி அசையாம உட்கார்ந்திருக்கு பாரு. துல்லியம்னா இதுதான்.”

“பழசைவிட ஒரு நூல் லேசு” என்றார் டெஸ்மண்ட். “முப்பது வருஷம் எடை பார்த்த கை. தப்பாது.”

கைதட்டல் எழுந்தது. அந்த உற்சாகத்தில் டெஸ்மண்ட் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லிவிட்டார். “நண்பர்களே, இனி இந்தக் காரில் உலகத்தின் விளிம்பு வரைக்கும் போகலாம்!”

கழகத்தின் இந்த வருடத்து ‘வெள்ளி ஸ்பானர்’ விருது அவருக்கே என்று க்ளைவ் அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். பின்பக்கத்து மேசையிலிருந்து ஹேசலும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினார்.

அந்தச் சனிக்கிழமை டாஃப்னிக்கு எழுபதாவது பிறந்தநாள். டெஸ்மண்ட் காலையில் கீழே இறங்கி வந்தபோது ஹேசல் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் கேக் டப்பாவும் மறு கையில் மெர்லினின் சாவியுமாக வாசலில் நின்றிருந்தார்.

“இன்னைக்கு மழை வரும் போலிருக்கே” என்றார் டெஸ்மண்ட்.

“வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு.”

“தினம் ஓட்டற சின்னக் கார்ல போனா ஹீட்டர் இருக்கும்...”

“உலகத்தோட விளிம்பு வரைக்கும் போலாம்னு சொன்னே. ஃபைலி அவ்வளவு தூரம் இல்ல. ஏறு. நான் ஓட்டறேன், நீ பேசிப் பேசிக் களைச்சிருப்பே.”

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ‘ஹேசல், நான் ஒரு புளுகன்’ என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் மாடியறையில் நாற்பது பேர் எழுந்து நின்று தட்டிய சத்தம் இன்னும் அவர் காதில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கேக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார்.

ஹேசல் ஓட்டிய விதம் அவருடைய அத்தையை ஞாபகப்படுத்துவதாக இருந்தது. வளைவுகளில் வேகத்தைக் குறைக்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை போலிருக்கிறது. காற்று பிய்த்துக்கொண்டு போனது. டெஸ்மண்ட் இடதுபக்கத்து முன்சக்கரத்தை நோக்கிக் காதைச் சாய்த்தபடி வந்தார். முனகுகிறது. இல்லை, அழுகிறது. அறுபத்துச் சொச்சம் வருடத்துக் கிழட்டுக் குண்டுகள்! ஒவ்வொன்றும் தேய்ந்து மிளகளவு ஆகிவிட்டதைத் தம் முதுகெலும்பால் உணர்ந்தார். யார்க் நகரைத் தாண்டியபோது, சக்கரம் தனியே கழன்று, தங்களை முந்திக்கொண்டு ஃபைலிக்குப் போய், டாஃப்னிக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதை மனக்கண்ணில் பார்த்தார்.

“என்ன டெஸ், முகம் பச்சையா இருக்கு?”

“ஒண்ணுமில்ல. கடல் காத்து.”

“கடலுக்கு இன்னும் பாதி தூரம் இருக்கு.”

மால்ட்டனுக்கு அப்பால் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஹேசல் அதை முந்துவதற்காக வண்டியை வலதுபக்கம் எடுத்து, ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். எதிரே தூரத்தில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. டெஸ்மண்டுக்குச் சட்டென்று ஒரு விஷயம் விளங்கியது. தாம் செத்தால்கூடப் பரவாயில்லை. ‘மேம்படுத்தப்பட்ட’ காரில் செத்தார் என்று கழகம் இரங்கல் தீர்மானம் போடும். ஆனால் பக்கத்தில் துணி படபடக்கச் சிரித்துக்கொண்டிருக்கும் இந்த மனுஷி, தம் பேச்சை நம்பி வண்டியில் ஏறியவள். அவள் சாகக் கூடாது.

“ஹேசல்! நிறுத்து! நான் மாத்தலை!”

“என்னது?” காற்றிலும் லாரிச் சத்தத்திலும் அவருக்குக் கேட்கவில்லை.

“பேரிங்! நான் மாத்தவே இல்ல! அத்தனையும் பொய்! ‘க்ளக்’கும் பொய்!”

லாரி டிரைவருக்கே கேட்டிருக்கும். ஹேசல் நிதானமாக லாரியை முந்தி, இடதுபக்கம் வந்து, பஸ்ஸுக்கு வழிவிட்டு, பிறகுதான் வாயைத் திறந்தார்.

“நீ மாத்தலைன்னு தெரியும், டெஸ். நான்தானே மாத்தினேன்.”

டெஸ்மண்ட் முன்சக்கரத்திலிருந்து காதைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

“எப்போ?”

“நீ ஹாரோகேட்டுக்குப் போனப்போ. ஒரு வீடியோ பார்த்தேன். ஒண்ணும் கஷ்டமில்லை. நட்டுக்குக் குறுக்க ஒரு ஊசி இருக்குமே, அதைப் பிடுங்கிட்டா மீதியெல்லாம் வரிசையா வந்துடுது.”

டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

“பேரிங்கோட வளையத்தை ஃப்ரீசர்ல பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்துல வச்சேன், சுருங்கும்னாங்க. சக்கரத்து நடுவுல இருக்கற ஹப்பைக் கேக் சுடற அடுப்புல வச்சுச் சூடு பண்ணினேன், விரியும்னாங்க. அப்புறம் ரெண்டும் வழுக்கிட்டுப் போய் உட்கார்ந்துடுச்சு. அன்னைக்கு நீ திரும்பி வந்து, ‘புட்டிங்ல என்ன வாசனை’ன்னு கேட்டே. கிரீஸ் வாசனை.”

ஒரு புருஷன் இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் பல உண்டு. டெஸ்மண்ட் கேட்டது இது: “ஆட்டம் எவ்வளவு விட்டே?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா?”

“நல்லா இறுக்கினேன், அப்புறம் லேசாத் தளர்த்தினேன். ரொம்ப இறுக்கினா சூடாயிடும், ரொம்ப விட்டா ஆட ஆரம்பிச்சுடும். உன்னோட நாப்பது வருஷம் இருந்திருக்கேனே, எனக்குத் தெரியாதா?”

ஐவர் துணைக்குழு இந்த முடிவுக்கு வந்துசேர எத்தனை வருடம் ஆகும் என்று டெஸ்மண்ட் யோசித்துப் பார்த்தார். பிறகு அவருக்கு வேறொன்று உறைத்தது.

“அப்ப அந்த நீலப் பெட்டியில?”

“பழசுதான். தூக்கிப் போட மனசு வரல. துடைச்சு, அதே பெட்டியில வச்சு, முத்திரையை மாவுப் பசை போட்டு ஒட்டிட்டேன். நீ பிரிக்க மாட்டேன்னு தெரியும்.”

டெஸ்மண்ட் தம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருடம் யார்க்‌ஷயரின் கசாப்புக் கடைகளை நடுங்க வைத்த கை. ஏப்ரலில், புத்தம் புதிய உருளைகள் வெண்ணெய்போல ஓடிக்கொண்டிருந்தபோது அவற்றின் சாவு முனகலைக் கேட்டவையும் இதே கையின் விரல்கள்தான்.

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“நீயா கண்டுபிடிப்பேன்னு பார்த்தேன். நீ வந்து ‘பழசு பாவம், முனகுது’ன்னே. அப்புறம் எப்படிச் சொல்ல? அப்புறம் கூட்டத்துல எழுந்து நீயே மாத்தினதாச் சொன்னே. சரி, வீட்டுக்கு வந்தாவது சொல்லுவேன்னு ராத்திரி பூரா முழிச்சிருந்தேன். நீ நல்லாக் குறட்டை விட்டே.”

“இப்பச் சொன்னேன்ல?”

“சொன்னே. எதிர்ல பஸ் வந்தப்புறம் சொன்னே.” ஹேசல் சற்றுப் பொறுத்து, “இருந்தாலும் சொன்னே” என்று அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

டெஸ்மண்டுக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, வெகுகாலத்துக்குப் பிறகு, மனைவிமேல் ஆசையாகவும் இருந்தது. இனி யோக்கியனாக வாழ்வது, கழகத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொல்லி வெள்ளி ஸ்பானரைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று கேக் டப்பாவின்மேல் கைவைத்துத் தீர்மானித்தார். அந்தத் தீர்மானம் ஃபைலி வரைக்கும் தாக்குப்பிடித்தது.

டாஃப்னியின் வீட்டு முற்றத்தில் கார் போய் நின்றதும் விருந்தாளிகள் எல்லோரும் தட்டும் கையுமாக வெளியே வந்துவிட்டார்கள். டாஃப்னி தங்கையைக் கட்டிக்கொண்டு, “கடைசில வந்துட்டியேடி!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்றப் பெண்கள் கேக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஆண்கள் காரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். எந்த ஊரிலும் பழைய காரைக் கண்டால் ஆண்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

பக்கத்து வீட்டு லென் முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தார். மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சுற்றியிருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அடடே” என்றார் லென். “உருளை பேரிங். ஆட்டம் அளவெடுத்த மாதிரி இருக்கு. இவ்வளவு பதமா நான் பார்த்ததே இல்ல. யாரு மாத்தினது?”

எல்லோரும் டெஸ்மண்டைப் பார்த்தார்கள். ஹேசல் யாரையும் பார்க்கவில்லை. சுவருக்கு அப்பால் தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உதவிக்கு வரப்போவதில்லை என்று டெஸ்மண்டுக்குப் புரிந்தது. உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே ஒருமுறை உண்மை பேசியாகிவிட்டது. இந்த வயதில் ஒரே நாளில் இரண்டு முறை என்றால் உடம்பு தாங்குமா?

“நாங்கதான்” என்றார் டெஸ்மண்ட். “நாங்களே மாத்தினோம். வீட்டிலேயே.”

ஆண்கள் அவர் முதுகைத் தட்டினார்கள்.

ஹேசல் மறுத்துப் பேசவில்லை. அங்கே யாரும் நாலு பேர் முன்னால் புருஷனை மறுத்துப் பேசுவதில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, “டாஃப்னி, வா, கடற்கரை ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வரலாம்” என்றார்.

“டெஸ்மண்ட் வரலையா?”

“ரெண்டு சீட்டுதானே. அவன் இங்கேயே இருந்து நாங்க எப்படி மாத்தினோம்னு இவங்களுக்கு விளக்கட்டும்.”

அக்காவும் தங்கையும் கூரை திறந்த காரில் சிரித்துக்கொண்டே புறப்பட்டுப் போனார்கள். சக்கரங்கள் சத்தமே இல்லாமல் ஓடின.

டெஸ்மண்ட் விளக்கினார். ஊசியைப் பிடுங்குவது எப்படி, வளையத்தைப் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைப்பதன் சூட்சுமம் என்ன, ஹப்பைக் கேக் அடுப்பில் எவ்வளவு நேரம் விட வேண்டும், இறுக்கிய நட்டைத் தளர்த்தும்போது மனம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு அருமையாக அவர் கழகத்தில்கூடப் பேசியதில்லை. இந்த முறை அத்தனையும் உண்மையாகவே நடந்தவை அல்லவா! சுற்றி நின்ற ஆண்கள் கைகளைக் கட்டிக்கொண்டு, இந்த மாதிரி எத்தனையோ வேலைகளைச் செய்து முடித்தவர்களின் கம்பீரத்தோடு தலையாட்டினார்கள்.

“என்னதான் சொல்லுங்க, நம்ம கையால நாமளே செஞ்சாத்தான் திருப்தி” என்றார் லென்.

எல்லோரும் ஆமோதித்தார்கள். உள்ளே அவர்களுடைய மனைவிமார்கள் அவர்கள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்பதால், டெஸ்மண்ட் குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது.